முதல் படமும் கடைசிப் படமும்

எங்கள் சோதனைக்கூடத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பொறுங்க அம்மா. யார் போய் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை அதுதான். "ரிப்போர்ட் ஆச்சா மேடம்?" "பொறுங்க." "லிப்ட் வந்துடுச்சு, ஏறலையா?" "பொறுங்க." தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்து எல்லோரும் வாசலுக்கு ஓடிய அன்றைக்குக் கூட, கீழ்த்தளத்திலிருந்து கடைசியாக ஏறி வந்தவர் அவர்தான். கதவைப் பூட்டினோமா என்று பார்க்க இரண்டு தடவை திரும்பிப் போனாராம். நிஜத் தீயாக இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதே கீழ்த்தளத்தில், அவருடைய அறைக்கு எதிர் அறையில் பதினோரு வருஷமாக நான் அறுக்கிற வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனுக்கு இது கிடைத்ததே பெரிது. இரும்பு, அலுமினியம், எலும்பு, கல், எது வந்தாலும் சொன்ன அளவுக்கு அறுத்து, தேய்த்து, ஒரு ஊசியின் தலையில் ஒட்டி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் கணக்குச் சொல்லிப் பார்த்தேன். "வயசு யாருக்கு வேணும்? நரை உங்களுக்குத்தானே முதல்ல வந்துச்சு, நீங்கதான் அண்ணன்" என்றார். 

அவருடைய அறையில் இருப்பது ஒரு எக்ஸ்ரே பெட்டி. ஆள் உயர இரும்பு அலமாரி மாதிரி இருக்கும், சுவருக்குள் ஈயத் தகடு. உள்ளே ஒரு பக்கம் கதிர் வருகிற குழாய், மறுபக்கம் படம் பிடிக்கிற தகடு, நடுவில் ஒரு சுற்றுமேசை. மேசை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு டீ கிளாஸ் வைத்தால் நிறைந்துவிடும். அதில் என் ஊசி, ஊசி மேல் நான் ஒட்டிய துண்டு. மேசை மயிரிழை திரும்பும், ஒரு படம். இன்னொரு மயிரிழை, இன்னொரு படம். ஒரு முழுச் சுற்றுக்கு ஆயிரத்து எண்ணூறு நிழல் படங்கள். அத்தனை நிழலையும் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுக் குழப்பி, கடைசியில் அந்தத் துண்டை ரொட்டி மாதிரி மெல்லிசு மெல்லிசாக நறுக்கிக் காட்டும். கத்தி படாமல் உள்ளே இருக்கிற ஓட்டை, விரிசல் எல்லாம் தெரியும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப நான் எதுக்கும்மா? ரம்பத்தை எடைக்குப் போட்டுடலாமா?"

"ஊசியில ஒட்டிக் குடுக்க ஆள் வேணுமே அண்ணே. நானா ஒட்டினா என் விரலும் சேந்து சுத்தும்."

ஒட்டுவதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மெழுகோ பசையோ, ஒட்டியபின் ஒரு மணி நேரம் தொடக்கூடாது. "உக்கார விடுங்க" என்பார். படம் பிடிக்கும் இரண்டு மணி நேரத்தில் துண்டு முடி அளவு நகர்ந்தாலும் நிழல்கள் ஒன்றோடொன்று சேராது. மனிதன் அசைந்தால் போட்டோ கலங்குகிற மாதிரிதான். ஆனால் போட்டோ கலங்கினால் பார்த்தவுடன் தெரியும். இது தெரியாது. இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி காட்டும்.

அந்த அம்மா இந்த வேலைக்கென்று படித்து வந்தவர் இல்லை. மேல்மாடியில் டைப் அடிக்க வந்தவர். பெட்டி வந்து இறங்கியபோது, கதிர் என்றால் ஆகாது, கீழ்த்தளம் என்றால் ஈரம், ஜன்னல் இல்லாத அறை என்று படித்தவர்கள் எல்லோரும் நழுவிவிட்டார்கள். கடைசியில் யார் வாய் திறக்க மாட்டாரோ அவரை அனுப்பினார்கள். பெட்டி விற்ற கம்பெனிக்காரன் மூன்று நாள் இருந்து சொல்லிக்கொடுத்தான். எங்கே அமுக்கணும், எப்போது அமுக்கணும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் ஓட்டினார்.

காலையில் இரண்டு பையோடு வருவார். ஒன்றில் சாப்பாடு, இன்னொன்றில் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செருப்பை மாற்றுவார், முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்து பையைக்கூட இறக்கியிருக்க மாட்டார், போன் அடிக்கும். வீட்டுக்காரர். வெளியூர் பஸ் ஓட்டியவர். இடுப்பு போனபின் வீட்டோடு இருக்கிறார். இருபது வருஷம் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டிய மனுஷனுக்கு, தன் வீட்டு அலமாரியில் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

"என்னங்க... ரெண்டாவது தட்டு. இடது பக்கம். அது எனக்கு இடது, உங்களுக்கு வலது. நீங்க எங்க நிக்கிறீங்க? ... சமையக்கட்டுல நின்னுட்டு அலமாரியத் தேடினா எப்படி கிடைக்கும்?"

ஒரு நாளைக்கு எட்டு போன். சில நாள் பத்து. நான் சிரித்தால், "சிரிக்காதீங்க. உங்க வீட்டுல அண்ணி எத்தனை வாங்குறாங்களோ" என்பார். பேச்சு அங்கே நின்றுவிடும். ஏனென்றால் அது உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒருநாள் பத்துப் பதினைந்து பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு மேலாளர் கீழே வந்தார். எல்லோரும் நிற்க இடம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் மேசையைச் சுவரோடு நெட்டித் தள்ளினார். 'நறுக்' என்று ஒரு சத்தம். பழைய புரோகிராம் ஓடுவதற்கு ஒரு சாவி உண்டு, சுண்டுவிரல் அளவு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும். அது இரண்டாக முறிந்துபோயிற்று.

கம்பெனிக்கு எழுதினார்கள். அந்தச் சாவியைச் செய்வதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது, புதிதாக எல்லாவற்றையும் வாங்குங்கள் என்று பதில் வந்தது. மேலாளர் "பாக்கலாம்" என்றார். பெரிய இடத்தில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். பெட்டி படம் பிடிக்கும், ஆனால் படங்களைச் சேர்த்து நறுக்கிக் காட்ட ஆள் இல்லை. ஆயிரத்து எண்ணூறு நிழல் சும்மா கிடந்தது.

அம்மா இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தார். ஏதேதோ நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறவர்கள் சேர்ந்து, இதே வேலைக்கு ஒரு புரோகிராம் எழுதிப் பொதுவில் விட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே திறந்து பார்க்கலாம். கோளாறு இருந்தால் திருத்தி, மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். மேலாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "சும்மா கெடைக்கிறது சும்மாதான் இருக்கும் மேடம்."

"நீங்க குடுத்த வேலையும் சும்மாதான் கெடக்கு சார். போட்டுப் பாக்கறேன்."

நாலு மாசம் பிடித்தது. பழையதில் ஒரே பட்டன். இதில் பட்டனே இல்லை, கருப்புத் திரையில் எழுத்து. ஒவ்வொரு படியிலும் கேள்வி கேட்கும். கதிர் மட்டும் விழுந்த வெறும் படம் எங்கே? கதிரே இல்லாத இருட்டுப் படம் எங்கே? மேசை எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுற்றியது? அந்த மையத்தை இரண்டு புள்ளி தப்பாகச் சொன்னால் உருண்டையாக இருக்கிறது பிறையாகிவிடும். தகட்டில் ஒரு புள்ளி செத்திருந்தால், மரத்தை வெட்டின மாதிரி படம் முழுக்க வளையம் வளையமாக வரும். அலுமினியத் துண்டில் வளையத்தைப் பார்த்து, "ஏம்மா, இதுக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். பாவம், சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "என்னைவிட நாலு கம்மி" என்றார்.

ஒரு கோடு போடாத நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். இது அழுத்தினால் இது, இது தப்பினால் அது. தெரியாததை, அந்தப் புரோகிராம்காரர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் எழுதிக் கேட்பார். அகராதி பார்த்து ஒரு கேள்வி எழுத அரை நாள். அங்கே ஒரு ஆள் பதில் போடுவான், அல்லது போடுவாள். ஆணா பெண்ணா தெரியாது, கீழே ஒரே ஒரு எழுத்துதான் கையெழுத்து. எதைக் கேட்டாலும் அந்த ஒற்றை எழுத்து முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தீர்களா?

"இதுவும் என்னை மாதிரிதான் அண்ணே. எங்கயோ ஒரு பொறுங்க அம்மா."

விஷயம் எளிது. மேசை முழுச் சுற்றுச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறது. அப்படியானால் முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். முதல் படத்துக்குச் சிவப்பு, கடைசிப் படத்துக்குப் பச்சை கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், பொருந்துகிற இடமெல்லாம் மஞ்சளாகத் தெரியும். துண்டு நகர்ந்திருந்தால் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் பிரிந்து நிற்கும். பழைய புரோகிராம் இதையெல்லாம் காட்டாது. பட்டனை அமுக்கினால் வழவழவென்று ஒரு படத்தைக் கொடுக்கும், நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

கை பழக வேண்டும் என்று, கம்ப்யூட்டரில் சேர்ந்து கிடந்த பழைய படங்களை எடுத்துப் புதிதில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க வாங்க. எனக்குத்தான் கண்ணு ரெட்டையா தெரியுதா?"

போய்ப் பார்த்தேன். திரையில் விரல் அளவு துண்டு ஒன்று. ஒரு ஓரம் சிவப்பு. மறு ஓரம் பச்சை.

"எனக்கும் ரெண்டாத்தாம்மா தெரியுது."

"இது எதுன்னு தெரியுதா?"

கீழே நம்பர் இருந்தது. நம்பர் தேவையே இல்லை. பம்ப் மூடி. 

அது அப்போதைக்குப் பதினாலு மாசத்துக்கு முந்திய வேலை. ஊருக்கு வெளியே ஒரு வார்ப்புப் பட்டறை. அலுமினியத்தை உருக்கி பம்ப் மூடி வார்க்கிறார்கள். ஒரு பம்பில் எண்ணெய் கசிந்தது என்று மூடியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டறை முதலாளி அதை எங்களிடம் அனுப்பினார். கசிந்ததாகச் சொன்ன இடத்தில் விரல் அளவுக்கு நான் அறுத்தேன், ஒட்டினேன். அம்மா படம் எடுத்தார். பழைய புரோகிராம் சுவருக்குள்ளே இரண்டு இடத்தில் மயிரிழை விரிசல் காட்டியது. ரிப்போர்ட் போயிற்று. ஆறிய உலோகத்தை ஊற்றினால்தான் அப்படி வரும் என்று சொல்லி, முப்பது வருஷம் உலையில் நின்ற வார்ப்புக்காரரை உலையிலிருந்து இறக்கி, பின்கட்டில் கழிவு பிரிக்கிற வேலைக்குப் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே ஒருமுறை வந்தார். கண்ணில் விழுந்த பொறியால் ஒரு இமை சரியாக மூடாது அவருக்கு. வாசல் காவல்காரர் உள்ளே விடவில்லை. டீ குடிக்க வெளியே போன என்னை, சோதனைக்கூடச் சட்டையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் படம் எடுக்குறவரா?"

"இல்லங்க. அறுக்குறவன்."

"ஆறிப்போனத நான் ஊத்தல தம்பி. நிறத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும். உள்ள ஒரு தடவ சொல்லிடுங்க."

சொன்னேன். படம் பொய் சொல்லாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அம்மா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் அவரும் படத்தைத்தான் நம்பினார். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது திரையில் சிவப்பும் பச்சையும்.

"அந்தத் துண்டு இருக்கா அண்ணே?" என்றார் அம்மா.

ஒரு வருஷம் ஆனால் துண்டுகளைத் தூக்கிப்போட வேண்டும் என்று விதி. நான் போடுவதில்லை. விதியை மீற வேண்டும் என்றெல்லாம் இல்லை, சோம்பேறித்தனம். பிஸ்கட் டப்பா பிஸ்கட் டப்பாவாக அலமாரிக்கு மேல் கிடக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ராஜ்ஜியம். "உங்க ராஜ்ஜியத்துல தேடுங்க" என்றார். நாற்காலி மேல் ஏறி ஒன்பது டப்பாவை இறக்கினேன். ஏழாவதில் இருந்தது. ஊசியோடு, பசையோடு, அப்படியே.

பசையைச் சுரண்டி எடுத்தேன். புதிதாக மெழுகு உருக்கி ஒட்டினேன். மணியைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "கத்தரிக்கோல் தானா வந்துரும்" என்று கவிழ்த்து வைத்தார்.

பத்து நிமிஷம் தாங்கினேன்.

"அம்மா, அன்னிக்கு நான் உக்கார விடல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒட்டிப் பத்து நிமிஷம்தான் ஆச்சு. நீங்க கேட்டீங்க, ஒரு மணி நேரம் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அண்ணே?"

காரணம் பெரிதாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, மேலாளர் அவசரப்படுத்தினார், இப்படி ஏதாவது.

"பசி. சாப்பாட்டு மணி ஆயிடுச்சு. குடுத்துட்டுப் போய் சாப்பிடலாம்னு."



"தெரியும்" என்றார்.

"எப்ப?"

"காலையில. படத்தை வரிசையா ஓட்டிப் பாத்தேன். மொதல்ல வேகமா நகந்திருக்கு, போகப்போக மெதுவா, எழுநூறாவது படத்துக்கு அப்புறம் நின்னுடுச்சு. மேசை கெட்டிருந்தா அப்படி நிக்காது. பசை இறுகினாத்தான் அப்படி நிக்கும்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "உங்களக் கூப்பிட்டுக் கேக்கணும்னு நெனச்சேன். சரி, பொறுப்போம்னு விட்டுட்டேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"நானும் சொல்லாம இருந்திருப்பேன். ரெண்டு பேரும் இப்படியே உக்காந்துட்டு ரிட்டயர் ஆகியிருப்போம்." பெருமூச்சு விட்டார். "உங்க தலையில மட்டும் போட முடியாது அண்ணே. பதினாறு வருஷமா அந்தப் புரோகிராம் உள்ள என்ன பண்ணுதுன்னு நான் ஒரு தடவ கூடக் கேக்கல. பட்டனை அமுக்கினேன். கையெழுத்து என்னோடது."

மணி ஆனதும் படம் எடுத்தோம். இரண்டு மணி நேரம். முதலும் கடைசியும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். ஒரே மஞ்சள். பிறகு புது புரோகிராமில் ஒவ்வொரு படியாகப் போட்டு நறுக்கினார். சுவர் முழுசாக இருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலிருந்து கீழ்வரை, நறுக்கிய படத்தை ஒவ்வொரு தகடாக ஓட்டினார். ஒரு விரிசலும் இல்லை. எண்ணெய் வேறெங்கேயோ, எதனாலோ கசிந்திருக்கிறது. அந்த மனுஷன் ஊற்றியது ஒழுங்காகத்தான் ஊற்றியிருக்கிறார்.

மறுநாள் மேலாளரிடம் போனோம். அவர் படத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

"பதினாலு மாசம் கழிச்சு யார் மேடம் கேட்டாங்க?"

"கேட்டாரு சார். வாசல்ல நின்னு கேட்டாரு."

"காசு குடுத்து வாங்கின புரோகிராம் சொன்னத, ஓசி புரோகிராம வெச்சு நம்மளே தப்புன்னு எழுதிக் குடுக்கறதா?"

அம்மா குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "அது உள்ள என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாது சார், உங்களுக்கும் தெரியாது. இது என்ன பண்ணுச்சுன்னு ஒவ்வொரு வரியா காட்டறேன். யார வேணா கூட்டிட்டு வாங்க."

"யார் தப்புன்னு எழுதணும். அப்புறம் உங்கள மறுபடி மேல டைப்புக்கு அனுப்ப வேண்டி வரும். யோசிச்சுக்கோங்க."

"மேல ஜன்னல் இருக்கு சார்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

திருத்திய ரிப்போர்ட்டை அவரே டைப் அடித்தார். 'முதல் சோதனையில் மாதிரி நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் எங்கேயும் இல்லை. பேனாவை வாங்கி அதற்குக் கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன்: 'ஒட்டியவன் நான். ஒரு மணி நேரம் காத்திருக்கவில்லை.' அம்மா அதைப் படித்துவிட்டு, "எழுத்துல ஒரு கால் விட்டுப்போச்சு" என்று போட்டுக்கொடுத்தார்.

மேலாளர் அதைப் பார்த்து, "உங்கள யாருய்யா எழுதச் சொன்னது?" என்று கேட்டார். ஆனாலும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அம்மாவை மேலே அனுப்பவும் இல்லை. அனுப்பினால் கீழே யார் உட்காருவது? படித்தவர்கள் இன்னும் நழுவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். அம்மா கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் பட்டறைக்கே போனோம். பஸ் படிக்கட்டில் ஏற அவருக்கு என் கை வேண்டியிருந்தது, எனக்குக் கம்பி வேண்டியிருந்தது. முதலாளி ரிப்போர்ட்டைப் படித்தார், மறுபடி படித்தார், காதைச் சொறிந்தார். கெட்ட ஆள் இல்லை. ஒரு காகிதம் வந்தது, நம்பினார். இப்போது இன்னொரு காகிதம் வந்திருக்கிறது.

பின்கட்டில் வார்ப்புக்காரர் கழிவுக் குவியலுக்கு முன்னால் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் சொல்லி முடிக்கும் வரை கையில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் காரணம் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பசியா?" என்றார்.

"ஆமாங்க."

"ம்." துண்டைக் குவியலில் போட்டார். "பதினாலு மாசமா அன்னிக்கு ஊத்துனத மனசுக்குள்ள ஊத்திக்கிட்டே இருக்கேன் தம்பி. எந்தக் கரண்டியில ஆறுச்சு, எங்க கை நின்னுச்சுன்னு. மொதல்ல நான் ஊத்தலன்னு சொன்னேன். அப்புறம், ஊத்தியிருப்பேனோன்னு ஆயிடுச்சு. என் கை மேலயே எனக்கு நம்பிக்க போச்சு. அத எந்தக் காயிதத்துல எழுதுவீங்க?"

  திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் போன் அடித்தது. எடுத்து, "வரேங்க" என்று மட்டும் சொன்னார்.

வார்ப்புக்காரரை உலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒருநாள் மத்தியானம் அவரே வந்தார். இந்தத் தடவை அம்மா வாசலுக்குப் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பழைய துணியில் சுற்றி ஒரு பம்ப் மூடி.

"நேத்து ஊத்துனது. உள்ள பாக்கணும்."

"முதலாளி அனுப்புனாரா?" என்றேன்.

"அவருக்கு எதுக்கு? எனக்குப் பாக்கணும்."

அறுத்தேன், மெழுகில் ஒட்டினேன், மணியை எழுதி வைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் ஆனதும் அவர் எழுந்துவிட்டார். "இன்னும் எவ்வளவு நேரம்மா? அலுமினியம்கூட இதுக்குள்ள ஆறியிருக்கும்."

"பொறுங்க."

"ஏன் தம்பி, இவங்க எப்பவும் இப்படித்தானா?"

"ஒம்பது வருஷமா பாக்கறேன். இப்படித்தான்."

சாயங்காலம் நாலரைக்கு எல்லாம் முடிந்தது. முதல் படம், கடைசிப் படம், ஒரே மஞ்சள். அதைக் காட்டிவிட்டுத்தான் அம்மா அடுத்த படிக்குப் போனார். தகடு தகடாக ஓட்டினார். வார்ப்புக்காரர் மூடாத இமையோடு திரைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். பாதிக்கு மேல் வந்ததும் அம்மாவின் கை நின்றது. சுவருக்கு நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கருப்பு ஓட்டை. உருண்டையாக, சுத்தமாக. உலோகத்துக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. அம்மா இரண்டு தகடு முன்னே, இரண்டு தகடு பின்னே போய்ப் பார்த்தார். வளையம் இல்லை, நகர்வு இல்லை. நிஜமான ஓட்டை.

 அம்மா மெதுவாகச் சொன்னார், "இந்த அளவு இருக்கலாம்ங்க. இதனால ஒண்ணும் ஆகாது."

அவர் கேட்டதாகவே தெரியவில்லை. நகம் கருகிய விரலைத் திரையில் அந்தப் புள்ளியின்மேல் வைத்தார்.

"கரண்டிய சாய்க்கும்போது ஒரு தடவ தடங்குச்சு. நேத்து. எனக்குத் தெரியும்." முகம் விரிந்துகொண்டே போயிற்று. "இது நான் போட்டதும்மா. இது என்னோட ஓட்டை."

அதை ஒரு காகிதத்தில் எடுத்துத் தரச் சொன்னார். அம்மா எடுத்துக் கொடுத்தார். அந்தத் துணியிலேயே மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா பெட்டியை அணைத்தார், நோட்டில் நம்பரை எழுதினார். ஒட்டிய நேரம் என்று நோட்டில் இப்போது ஒரு கட்டம் உண்டு. அதை நான்தான் நிரப்ப வேண்டும். செருப்பை மாற்றி, இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"லிப்ட்டுக்குச் சொல்லட்டுமாம்மா?"

"கொஞ்சம் உக்கார விடுங்க அண்ணே."

ஒட்டிய மணியை எழுதி வைத்த காகிதம் என் கையில்தான் இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.